சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே, வெண்ணாற்றை ஒட்டி இருக்கிறது கூத்தாநல்லூர். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய்ச் சம்பாதித்த ஊர். அதனால் அக்கம்பக்கத்தில் அதற்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர். அந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றபடி ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘கூத்தாநல்லூர்’ பக்கத்தைத் திறந்தால், அவருடைய கோரிக்கை முதலில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் நிஜச் சிங்கப்பூர்தான். விக்கிமீடியா அறக்கட்டளையின் தரவு மையம் ஒன்று 2018 முதல் அங்கே இயங்குகிறது. இந்தியாவிலிருந்து போகும் கோரிக்கைகளை வழக்கமாக வாங்கிக்கொள்வது அதுதான். பக்கத்தின் நகல் கைவசம் இருந்தால் அங்கிருந்தே அனுப்பிவிடும். இல்லாவிட்டால் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலோ டெக்சாஸிலோ இருக்கும் முதன்மை மையத்தைக் கேட்டு வாங்கித் தரும்.

பக்கம் வந்துவிட்டது. இப்போது கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, ‘திருவாரூர் மாவட்டம்’ என்ற நீல நிற இணைப்பின்மேல் மவுஸை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். சொடுக்க வேண்டாம். ஒரு சின்ன அட்டை எட்டிப் பார்க்கும்: அந்தக் கட்டுரையின் முதல் சில வரிகள், கூடவே படம் இருந்தால் படம். அந்த அட்டைதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஏனென்றால் பக்கத்தைத் தயாரித்த நிரலும் அட்டைக்கான சுருக்கத்தைத் தயாரித்த நிரலும் வேறு வேறு. பக்கம் மீடியாவிக்கியின் வேலை. அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட, விக்கிப்பீடியாவின் ஆதி நாட்களிலிருந்தே வளர்ந்துவரும் பெரிய நிரல். சுருக்கமோ நோட்.ஜேஎஸ்-இல் எழுதப்பட்ட தனிச் சேவை ஒன்றிலிருந்து வருகிறது. மொழி வேறு, ஓடும் கணினிகள் வேறு. ஆனாலும் இரண்டும் ஒரே பெயரில்தான் கிடைக்கின்றன: டிஏ.விக்கிபீடியா.ஆர்க். (முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், கம்பியில் போகும்போது அவை ரோமன் எழுத்துகள்.) வித்தியாசமெல்லாம் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒன்று ‘/விக்கி/’ என்று தொடங்கும், மற்றது ‘/ஏபிஐ/ரெஸ்ட்_வி1/’ என்று.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 2015-இல் இந்த ஏபிஐ, அதாவது நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல், வந்த புதிதில் அதற்கு ரெஸ்ட்.விக்கிமீடியா.ஆர்க் என்று தனிப் பெயர் இருந்தது. பிறகு ஒவ்வொரு விக்கியின் பெயருக்குள்ளேயே அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். தனிக்குடித்தனம் போனதைத் திரும்ப அழைத்து வருவானேன்?

கணக்குப் போட்டால் புரியும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்வர 5,800 கி.மீ. என்றால் 29 மில்லிநொடி. கேபிள் எதுவும் நேர்க்கோட்டில் கிடப்பதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. ஆகவே நடைமுறையில் இதைவிடக் கூடத்தான் ஆகும். ஒரு புதிய பெயரைத் தொட வேண்டுமானால் உலாவி முதலில் டிஎன்எஸ்ஸிடம் அந்தப் பெயரின் ஐபி எண்ணைக் கேட்க வேண்டும். பிறகு அந்த எண்ணோடு டிசிபி இணைப்புக்கு ஒரு போய்வரல். அதன்மேல் டிஎல்எஸ் பூட்டுப் போட இன்னொரு போய்வரல். பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் இரண்டு. இத்தனைக்கும் அப்புறம்தான் ‘திருவாரூர் மாவட்டம் பற்றி நாலு வரி கொடு’ என்று வாயைத் திறக்கலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் பெயரிலேயே கேட்டால் இதெல்லாம் மிச்சம். போதாக்குறைக்கு, ஒரு பெயரில் வந்த பக்கம் வேறொரு பெயரிலிருந்து தரவு எடுக்க உலாவி எளிதில் விடாது. அந்த மறு பெயர் வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். மவுஸ் நின்ற கணத்தில் அட்டை தோன்ற வேண்டும் என்றால் இவ்வளவு சம்பிரதாயம் கட்டுப்படியாகாது.

சரி, ஒரே பெயருக்கு வந்த இரண்டு கோரிக்கைகளில் எது யாருக்கு என்று எப்படித் தெரிகிறது? கோரிக்கையைப் படித்துத்தான். எச்டிடிபி 1.1 முறையில் கோரிக்கை என்பது வெறும் எழுத்து. அதன் முதல் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்:

கெட் /விக்கி/கூத்தாநல்லூர் எச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: டிஏ.விக்கிபீடியா.ஆர்க்

முதல் வரியில் பாதை, இரண்டாவதில் பெயர். முகவரிப் பட்டையில் ‘கூத்தாநல்லூர்’ அழகாகத் தமிழில் தெரிந்தாலும் பயணத்தில் அதன் கோலம் வேறு. யூனிகோடில் அந்தச் சொல் 13 குறிகள். மெய்ப்புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் இந்தக் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஆக 39 பைட். பாதையில் அந்த பைட்டுகள் அப்படியே போகக் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மூன்றெழுத்து ஆகிறது. கடைசியில் ஊர்ப் பெயர் 117 எழுத்துக்கு நீள்கிறது. வாட்ஸ்அப்பில் யாராவது விக்கிப்பீடியா இணைப்பை அனுப்பும்போது சதவீதக் குறிகள் கொட்டிக் கிடப்பது இதனால்தான்.

அந்த இரண்டாவது வரிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1996-இல் பதிவான எச்டிடிபி 1.0-இல் ஹோஸ்ட் வரி கட்டாயம் இல்லை. ஒரு ஐபி எண்ணுக்குக் கோரிக்கை வந்தால், அந்த எண்ணில் ஒரே தளம் இருப்பதாகத்தான் பொருள். ஐபி எண்கள் 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடிதான் சாத்தியம். தளத்துக்கு ஒரு எண் என்று கொடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று அப்போதே கவலைப்பட்டார்கள். 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 அந்த வரியைக் கட்டாயமாக்கியது. வரி இல்லாத கோரிக்கைக்கு 400 என்ற பிழை எண்ணைத் திருப்பியனுப்பச் சொன்னது. அன்று முதல் ஒரே எண்ணில் ஆயிரம் பெயர்கள் குடியிருக்கலாம். டிஎல்எஸ் வந்தபோது மறுபடி முட்டியது: பூட்டு போட்ட பிறகுதான் ஹோஸ்ட் வரியைப் படிக்க முடியும், ஆனால் பூட்டு போடும்போதே சரியான பெயருக்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். பூட்டுப் பேச்சின் தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிடும் ஏற்பாடு 2003-இல் வந்தது. எல்லா உலாவிகளும் அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. இவ்வளவு பாடுபட்டும் எண்கள் தீரத்தான் செய்தன. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

இனி விக்கிப்பீடியா அளவுக்குப் போகாமல், ஊர் அளவில் ஒரு கற்பனை. வெண்ணாற்றங்கரையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் இருக்கிறது: ஆலையின் படம், சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் என்ன விலை, தொலைபேசி எண். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகன் ஓய்வு நேரத்தில், ஆர்டர் எடுக்கும் செயலி ஒன்றை நோட்.ஜேஎஸ்-இல் எழுதித் தருகிறான். அது அதே பெயரில் ‘/கடை/’ என்ற பாதையில் திறக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. விசிட்டிங் கார்டு அடித்தாகிவிட்டது, பெயரை மாற்ற மாட்டார். வாடகைக்கு எடுத்தது ஒரே ஒரு சர்வர்.

இங்கே முதல் தடை போர்ட். ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் முகவரியைத் திறக்கும் உலாவி 443 என்ற போர்ட்டைத்தான் தட்டும். ஒரு ஐபி எண்ணின் 443-இல் சாதாரணமாக ஒரு நிரல்தான் காத்திருக்க முடியும். இரண்டாவது நிரல் வந்து கேட்டால், இடம் பிடித்தாயிற்று என்று இயங்குதளம் மறுத்துவிடும். ஆகவே வேர்ட்பிரஸ்ஸுக்கும் வேண்டாம், கடைக்கும் வேண்டாம், 443-ஐ மூன்றாவதாக ஒரு நிரலிடம் கொடுத்துவிடுவார்கள். அது கோரிக்கையை வாங்கி, பாதையைப் படித்து, உரிய நிரலிடம் தள்ளிவிட்டு, பதில் வந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இந்த வேலைக்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். வேர்ட்பிரஸ் உள்ளே ஒரு மூலையில், கடை 3000 என்ற போர்ட்டில், இரண்டும் வெளியுலகம் நேரடியாகத் தொட முடியாதபடி 127.0.0.1 என்ற உள்முகவரியில் உட்கார்ந்திருக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பு ஞாபகம் வந்திருக்கும். வெண்ணாறாக வந்த தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஆனால் இந்த உவமை பாதி வழிதான் கூட வரும். தலைப்பில் ஷட்டர்களைத் தூக்கி இறக்கிப் பிரிப்பது அளவை. எந்தத் துளி எந்த வயலுக்கு என்பது ஷட்டருக்கும் தெரியாது, துளிக்கும் தெரியாது. அளவு பார்த்துப் பங்கிடும் வேலையும் சர்வர் உலகில் உண்டு. ஒரே நிரலின் பத்துப் பிரதிகளுக்குக் கோரிக்கைகளை முறைவைத்து விடுவார்கள், லோடு பேலன்ஸிங் என்று பெயர். தலைப்புக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். நம் பிராக்ஸியிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் போகுமிடத்தை எழுத்தில் சுமந்து வருகிறது. இங்கே நடப்பது வாசிப்பு.

மூன்றாவது நிரலாக அதிகம் பேர் வைத்துக்கொள்வது இஞ்சின்எக்ஸ். ரஷ்யாவின் இகோர் சிசோயேவ், ராம்ப்ளர் என்ற இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதியது. 2004 அக்டோபரில் பொதுவில் வெளியிட்டார். ஒரே கணினியில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிப்பது எப்படி என்பது அன்று பேர்போன சிக்கல். 1999-இல் டான் கெகல் அதற்குப் பெயர் வைத்திருந்தார். இணைப்புக்கு ஒரு ஆள் என்று ஒதுக்காமல், விரல்விட்டு எண்ணக்கூடிய சில இயக்கங்களே எல்லா இணைப்புகளையும் மாற்றி மாற்றிக் கவனிப்பது இஞ்சின்எக்ஸின் வழி. நடுவில் நிற்கும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது, ஏனென்றால் அதன் பொழுதில் பெரும்பகுதி காத்திருப்பதில்தான் போகிறது.

கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டியது பார்க்க மிகச் சிறியது. ‘லொக்கேஷன் /’ என்று ஒரு பகுதி, வேர்ட்பிரஸ்ஸுக்கு. ‘லொக்கேஷன் /கடை/’ என்று ஒரு பகுதி, 3000-க்கு. ‘/கடை/ஆர்டர்’ என்று ஒரு கோரிக்கை வந்தால் இரண்டு பகுதிகளுமே அதற்குப் பொருந்தும். எது நீளமாகப் பொருந்துகிறதோ அது ஜெயிக்கும். ஃபைலில் எது மேலே, எது கீழே என்பது பொருட்டில்லை. நல்ல விதி. இதோடு நின்றிருந்தால் நிம்மதி. ஆனால் எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் சூத்திரம், அதாவது ரெஜெக்ஸ், எழுதியிருந்தால் அது நீளப் போட்டியில் வென்றதையும் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிடும். வேர்ட்பிரஸ்ஸுக்கென்று ஆளாளுக்குக் கைமாற்றும் கான்ஃபிக்குகளில் ‘.ஜேபிஜி என்று முடிவதையெல்லாம் வேர்ட்பிரஸ் கோப்புறையிலிருந்து எடு’ என்று ஒரு சூத்திரம் கிடக்கும். விளைவு: கடை திறக்கும், விலை தெரியும், அரிசி மூட்டையின் படம் மட்டும் எங்குமே வராது. படத்துக்கான கோரிக்கை கடைக்குப் போகவே இல்லை. ‘லொக்கேஷன்’ என்பதற்குப் பக்கத்தில் கூரைக்குறியும் அலைக்குறியும் சேர்த்துப் போட்டால் சூத்திரங்கள் குறுக்கே வராது. இரண்டே எழுத்து. அதைத் தெரிந்துகொள்வதற்குள் பலருக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

இன்னொன்று, அதைவிடச் சிறியது: ஒற்றைச் சாய்கோடு. கோரிக்கையை 3000-க்குத் தள்ளச் சொல்லும் வரியின் முடிவில் சாய்கோடு இல்லையென்றால், பாதை அப்படியே ‘/கடை/ஆர்டர்’ என்று செயலியிடம் போகும். சாய்கோடு இருந்தால் ‘/கடை’ வெட்டப்பட்டு ‘/ஆர்டர்’ என்று மட்டும் போகும். மருமகன் தன் மடிக்கணினியில் செயலியை எழுதியபோது ‘/கடை’ என்ற பேச்சே இல்லை. ஆகவே வெட்டி அனுப்புவதுதான் சரி என்று நினைத்துச் சாய்கோட்டைப் போடுகிறான். முதல் பக்கம் வருகிறது. வண்ணம் இல்லாமல், கட்டம் இல்லாமல், வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்தாக. அலங்காரக் கோப்புக்கான முகவரியை ‘/ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ என்று செயலி எழுதியிருக்கிறது. உலாவி பெயருக்குப் பின்னால் நேராக அதைச் சேர்த்துக் கேட்கிறது. அதில் ‘/கடை’ இல்லை. எனவே பிராக்ஸி அதை வேர்ட்பிரஸ்ஸிடம் கொடுக்கிறது, வேர்ட்பிரஸ் கையை விரிக்கிறது. உள்நுழையப் பொத்தானை அழுத்தினால் கதை இன்னும் மோசம். ஆலையின் படம் போட்ட வேர்ட்பிரஸ் பக்கம் வந்து, ‘நீங்கள் தேடிய பக்கம் இல்லை’ என்கிறது.

“தம்பி, கடையையே காணோமேப்பா!” என்று போன்.

“கடை இருக்கு மாமா. அதுக்குத் தான் எங்க இருக்கோம்னுதான் தெரியல.”

மருமகன் சொன்னது துல்லியம். பிரித்துக் கொடுப்பதில் சிரமமே இல்லை. பிரித்தது யாருக்குத் தெரியவில்லை என்பதுதான் வினை. செயலி தன்னை ஒரு பெயரின் முழு உரிமையாளராக நினைத்துக்கொண்டிருக்கிறது. தான் இன்னொருவரோடு சேர்ந்திருப்பதையும் தனக்கு முன்னால் ‘/கடை’ ஒட்டியிருப்பதையும் யாராவது சொன்னால்தான் அது எழுதும் முகவரிகள் சரியாக வரும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிக்கல் முன்பே தீர்க்கப்பட்ட ஒன்று. 1993-இல் என்சிஎஸ்ஏ குழு வகுத்த சிஜிஐ முறையிலேயே பாதை இரண்டு துண்டாகத்தான் நிரலுக்குப் போனது: நீ பொருத்தப்பட்டிருக்கும் இடம் இது, அதற்கு மேல் கேட்கப்பட்டது இது. பைத்தானின் வலைச்செயலிகளுக்கு 2003-இல் வகுத்த தரமும் அதையே வாங்கிக்கொண்டது. பிற்பாடு வந்த பல கருவிகள் இதைக் கண்டுகொள்ளாமல், ஒவ்வொரு செயலியும் தனிப் பெயரில்தான் வாழும் என்று வைத்துக்கொண்டன. புதியது என்பதற்காக யோசித்துச் செய்தது என்று ஆகிவிடாது. இன்று அடிப்பாதை இன்னதென்று செயலியின் அமைப்பில் கையால் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

தெரியாமல் போவது இன்னும் சில. கடையின் பார்வையில் எல்லா வாடிக்கையாளரும் 127.0.0.1-இலிருந்து வருகிறார்கள், ஏனென்றால் அதனிடம் பேசுவது பிராக்ஸி மட்டுமே. ஒரே இடத்திலிருந்து பத்து முறை தவறான கடவுச்சொல் வந்தால் பூட்டு என்று விதி வைத்திருந்தால், யாரோ ஒருவர் தப்பாகத் தட்ட எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். அசல் ஐபி எண்ணைக் கூடுதல் வரியாக எழுதி அனுப்பும்படி பிராக்ஸிக்குச் சொல்ல வேண்டும். அந்த வரி பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் நம்பும்படி செயலிக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே வரியை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். படம் ஏற்றுவதிலும் ஒரு சங்கதி. எதுவும் சொல்லாவிட்டால் இஞ்சின்எக்ஸ் 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கையை 413 என்று திருப்பிவிடும். கைபேசியில் எடுத்த படம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். செயலியின் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றும் இருக்காது. அதற்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. 502 என்று வந்தால் பிராக்ஸி நலம், பின்னால் இருக்கும் நிரல் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரிசெய்து கடை ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அது கான்ஃபிக் ஃபைலில் தெரியாது. சாய்கோட்டை வைத்து நாம் இரண்டாகப் பிரித்தோம். உலாவி அப்படிப் பிரிப்பதில்லை. நெட்ஸ்கேப் காலத்தில், 1990-களின் நடுவில், உலாவிகளுக்குள் வந்த ஒரு விதி இன்றும் வலையின் பாதுகாப்புக்கு அடித்தளம்: நெறிமுறை, பெயர், போர்ட் ஆகிய மூன்றும் ஒன்றானால் ஒரே இடம். ஒரே இடத்திலிருந்து வந்த பக்கங்கள் ஒன்றையொன்று படிக்கலாம், மாற்றலாம். பாதை இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. ஆக, வேர்ட்பிரஸ்ஸில் எப்போதோ போட்டு மறந்த ஒரு பிளக்இன்னில் ஓட்டை இருந்து, அதன் வழியே யாராவது தங்கள் ஸ்கிரிப்ட்டை நுழைத்தால், அந்த ஸ்கிரிப்ட்டால் கடைப் பக்கத்தைத் திறந்து வாடிக்கையாளரின் முகவரியைப் படிக்க முடியும், அவர் பெயரில் ஆர்டர் போடவும் முடியும். கடையின் நிரலில் ஒரு பிழைகூட இல்லாவிட்டாலும் முடியும். உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் குக்கிக்கு ‘/கடை’ என்று பாதை வரம்பு கட்டலாமே என்றால், குக்கிகளுக்கான 2011-ஆம் ஆண்டுத் தரமே அந்த வரம்பைப் பாதுகாப்புக்கு நம்பாதே என்று எழுதிவைத்திருக்கிறது.

விக்கிமீடியாக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் இதற்கு விடை இருக்கிறது. ஏபிஐயை ஒரே பெயருக்குள் கொண்டுவந்தவர்கள், படங்களை மட்டும் கொண்டுவரவில்லை. கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் வரும் படம் எதுவானாலும் அதன் முகவரி அப்லோடு.விக்கிமீடியா.ஆர்க் என்று தொடங்கும். ஏபிஐ அவர்களே எழுதிய நிரல். படங்கள் ஊர் பேர் தெரியாதவர்கள் ஏற்றியவை. எஸ்விஜி வகைப் படத்துக்குள் ஸ்கிரிப்ட்டே எழுதிவைக்கலாம். அது விக்கிப்பீடியாவின் பெயரிலேயே திறந்தால், உள்நுழைந்திருக்கும் தொகுப்பாளரின் அதிகாரம் முழுவதும் அதன் கையில். கிட்ஹப்பும் பயனர்கள் உருவாக்கும் பக்கங்களை 2013 ஏப்ரலில் கிட்ஹப்.காம் என்ற பெயரிலிருந்து எடுத்து கிட்ஹப்.ஐஓ என்ற வேறு பெயருக்கு மாற்றியது. காரணம் இதேதான். அதே பெயருக்குக் கீழே ஒரு துணைப்பெயர், அதாவது சப்டொமைன், போதாதா என்று கேட்கலாம்; தாய்ப்பெயருக்கு என்று எழுதிய குக்கி அதன் கீழுள்ள எல்லாத் துணைப்பெயர்களுக்கும் போகும் என்பதால்தான் முற்றிலும் வேறு பெயர்.

ஆலைக்காரர் விஷயத்தில் என் கருத்து இது. வேர்ட்பிரஸ்ஸை மருமகனே கவனித்து, மாதாமாதம் புதுப்பித்து, வேண்டாத பிளக்இன்களைக் கழித்துக்கொண்டிருந்தால் ‘/கடை/’ நன்றாகவே ஓடும். தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் யார் என்பதே மறந்துபோய், கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறதென்றால், விசிட்டிங் கார்டு வீணானாலும் கடையைத் துணைப்பெயருக்கு மாற்றிவிட வேண்டும். இழப்பு, முதல் தடவை திறக்கும்போது சில பத்து மில்லிநொடி. வாடிக்கையாளர்கள் ஏற்றும் படங்கள் எந்த நிலையிலும் இந்த இரண்டு பெயர்களுக்குக் கீழேயும் வேண்டாம். அதற்கு ஒரு தனி டொமைனை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை அரிசி விலைகூட இருக்காது.